மிஞ்சிய ஒட்டுத்துணிக் கட்டங்கள்: பை முதல் தொம்பை வரை

ஒட்டுப்போர்வை தைக்கப் பழகும் யார் வீட்டிலும் கொஞ்ச நாளில் ஒரு பை நிறையக் கட்டங்கள் (சின்னத் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரங்கள்) சேர்ந்துவிடும். மாதிரிக்குத் தைத்துப் பார்த்தவை, அளவு தப்பியவை, நிறம் மற்றவற்றோடு சேராதவை, இருபது தைத்துப் பதினாறு மட்டும் போர்வையில் ஏறியதால் மிஞ்சிய நான்கு என்று பலவகை. இவற்றை வெறும் துடைதுணியாக ஆக்கிவிடுவது பெரிய இழப்பு. வெட்டி, அடுக்கி, தைத்து, இஸ்திரி போடுகிற கடினமான பாதி வேலை அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

மதுரைப் பக்கத்து வெயிலுக்குப் பஞ்சு வைத்த கனமான போர்வை மார்கழி, தை மாதத்துச் சில வாரங்களுக்குத்தான் தேவைப்படும். மிஞ்சியதை எல்லாம் இன்னொரு போர்வையாக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் பல வீடுகளில் அந்தப் பை பீரோவுக்குள்ளேயே கிடக்கிறது. அன்றாடம் கைபடும் சின்னப் பொருள்களாகத் தைத்தால் ஒரு மாலைக்கு ஒன்று முடியும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எதைத் தைப்பது என்று முடிவெடுத்துவிட்டு அதற்கேற்ற கட்டத்தைத் தேடுவார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் அளவெடுத்து, துணியின் குணத்தைப் பாருங்கள். எந்தக் கட்டம் எதற்கு ஆகும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பிரித்து எடுப்பது

எல்லாக் கட்டங்களையும் இஸ்திரி போட்டுத் தரையில் விரியுங்கள். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்க வேண்டாம். வைத்து அழுத்தி எடுங்கள். இழுத்தால் குறுக்கு வெட்டு உள்ள முக்கோணங்கள் நீண்டு கட்டம் கோணலாகிவிடும்.

அடுத்து ஒவ்வொன்றையும் நீளம், அகலம், நடு ஆகிய மூன்று இடங்களில் அளந்து, அளவைத் தாளில் எழுதிக் குத்துங்கள். 12½ இன்ச் என்று நினைத்தது 12⅛ ஆக இருக்கும். இதற்குக் காரணம் பெரும்பாலும் தையல் அகலம்தான். கால் இன்ச் விட வேண்டிய இடத்தில் அரை நூல் (ஒரு நூல் என்பது ⅛ இன்ச்) கூடுதலாக விட்டால், இரண்டு பக்கத் துணியிலுமாக ஒரு தையலுக்கு ஒரு நூல் குறையும். மூன்று தையல் உள்ள வரிசையில் அது மூன்று நூல், அதாவது ⅜ இன்ச். நம் ஊர் மெஷின்களில் இருக்கும் சாதாரணப் பாதம் சரியாகக் கால் இன்ச் காட்டாது. ஊசியிலிருந்து கால் இன்ச் அளந்து மெஷின் தட்டில் ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, துணி ஓரத்தை அதை ஒட்டியே ஓட்டுங்கள்.

துணியின் வகையையும் பாருங்கள். காட்டன், பாப்ளின், ரவிக்கைக்கு வாங்கும் டூ பை டூ, பழைய சுங்குடி இவையெல்லாம் ஒன்றோடொன்று சேரும். சாட்டின், வெல்வெட் துண்டுகள் தனி. கோயில் துணி தைக்கும் கடைகளில் கிடைக்கும் வெட்டுத்துணியில் இவை நிறையக் கலந்திருக்கும். மீனாட்சி அம்மன் கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்தில் வரிசையாக மெஷின் போட்டிருந்த அந்தத் தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரக் கட்டடத்தில் இருக்கிறார்கள். திருப்பூரிலிருந்து கிலோக் கணக்கில் வரும் பனியன் துணியை எதோடும் சேர்க்காதீர்கள். அது இழுபடும், பக்கத்துக் காட்டன் இழுபடாது, முதல் துவைப்பிலேயே சுருக்கம் விழும். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு பொடியாகும் சாம்பல் வந்தால் காட்டன். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர்.

சாயம் போகுமா என்பதைத் தைப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அரக்கு, கருநீலம், கரும்பச்சை நிறங்களில் இந்தப் பயம் அதிகம். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் விற்கும் எல்லாமே முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியவை அல்ல, அச்சுப் போட்டவையும் உண்டு. எதுவாக இருந்தாலும் சோதனை ஒன்றுதான். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து கட்டத்தின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் பத்து வினாடி அழுத்துங்கள். நிறம் ஏறினால் அந்தக் கட்டத்தை மட்டும் அகலமான பாத்திரத்தில் லேசான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். முறுக்கிப் பிழிந்தால் ஓரம் பிசிறு பிசிறாகிவிடும். துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கவைத்துக் காயவிடுங்கள். கல் உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். கடையில் வாங்கிய துணியில் சாயம் ஏற்கெனவே ஏற்றி முடிந்துவிட்டதால் இவை அதைப் பிடித்து நிறுத்துவதில்லை. ஒட்டாமல் நிற்கும் மிகைச் சாயத்தைக் கழுவி வெளியேற்றுவது ஒன்றே வழி. ஐந்து தண்ணீர் மாற்றியும் நிற்காவிட்டால் அந்தக் கட்டத்தைத் துவைக்கத் தேவையில்லாத பொருளுக்கு ஒதுக்குங்கள். பின்னால் வரும் தொம்பை (உருளையாகத் தொங்கும் துணி அலங்காரம்) அதற்குப் பொருத்தம்.

அளவை ஒன்றாக்குவது

ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு அளவு உண்டு. கையில் இருக்கும்போது 12½ இன்ச். நான்கு பக்கமும் தைத்த பிறகு கண்ணுக்குத் தெரிவது 12 இன்ச். முன்னதை வெட்டு அளவு என்றும் பின்னதைத் தைத்த அளவு என்றும் இங்கே சொல்கிறோம். புதியவர்களின் கணக்கு பெரும்பாலும் இந்த அரை இன்ச்சில்தான் தப்பும்.

சிறிய கட்டத்தைப் பெரிதாக்கச் சட்டம் கட்ட வேண்டும். கணக்கு எளிது: வேண்டிய வெட்டு அளவிலிருந்து இப்போதைய வெட்டு அளவைக் கழித்து, பாதியாக்கி, அரை இன்ச் கூட்டுங்கள். அதுதான் பட்டியின் அகலம். 8½ கட்டத்தை 10½ ஆக்க வேண்டுமானால் வித்தியாசம் 2, பாதி 1, அரை கூட்டினால் 1½ இன்ச் பட்டி. இடது, வலது பட்டிகளை 8½ நீளத்தில் வெட்டி முதலில் தையுங்கள். இஸ்திரி போட்டுவிட்டு, மேல், கீழ்ப் பட்டிகளை 10½ நீளத்தில் தையுங்கள். அளவு தப்பிய கட்டமாக இருந்தால் பட்டியை அரை இன்ச் அகலமாகவே வெட்டி, தைத்து முடித்த பின் சரியான அளவுக்கு நறுக்கிக்கொள்வது நல்லது.

பட்டியை அளந்து வெட்டாமல், நீளமாக வைத்து ஓட்டிவிட்டு மிச்சத்தை நறுக்கும் பழக்கம் வேண்டாம். மெஷினின் பல் கீழே இருக்கும் துணியைச் சற்று வேகமாக இழுக்கும். பட்டி நீளமாக இருந்தால் அந்த வித்தியாசம் முழுதும் பட்டிக்குள் போய், சட்டம் அலை அலையாக எழும்பும். கட்டத்தின் நடுவில் அளந்து அந்த நீளத்துக்கே பட்டி வெட்டி, இரண்டு முனையிலும் நடுவிலும் குண்டூசி குத்தி, ஓரத்தை அதற்குள் அடக்கித் தைத்தால் தட்டையாகப் படுக்கும்.

பெரிய கட்டத்தைச் சிறிதாக்க நான்கு பக்கமும் சமமாக நறுக்க வேண்டும். நட்சத்திர வடிவக் கட்டத்தில் இதைச் செய்யாதீர்கள், கூர்முனைகள் வெட்டுப்பட்டுவிடும். நட்சத்திரத்தை வெட்டாமல், மற்றவற்றுக்குச் சட்டம் கட்டி அந்த அளவுக்கு உயர்த்துங்கள்.

கோணலானது, மூலைகள் சேராதது, பார்க்கவே பிடிக்காதது என்று சில கட்டங்கள் இருக்கும். அவற்றைத்தான் தைரியமாக வெட்ட வேண்டும். 4½ இன்ச் சதுரங்கள் ஒன்பது சேர்த்துத் தைத்த 12½ கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுக்கில் 6¼இல் ஒரு வெட்டு, குறுக்கில் 6¼இல் ஒரு வெட்டு. நான்கு துண்டு கிடைக்கும். எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி சேருங்கள். நடுவில் இருந்த சதுரம் நான்காகப் பிரிந்து இடம் மாறி, முற்றிலும் வேறு கோலம் வரும். தைத்தபின் வெட்டு அளவு 12 ஆகக் குறையும். இரண்டு பக்கமும் ஒரு தையல் கூடுவதால் அரை இன்ச் போய்விடுகிறது. ஆகவே ஒரே பொருளுக்கு எடுக்கும் எல்லாக் கட்டங்களையும் இப்படி வெட்டுங்கள். இல்லையென்றால் ஒன்று மட்டும் குட்டையாக நிற்கும்.

இரண்டு கட்டத்தில் ஒரு பை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. காய்கறிக்கும் பூவுக்கும் துணிப்பை எல்லா வீட்டிலும் தேவை. முதல் வேலையாக இதையே தைக்கச் சொல்வோம். தவறு நடந்தாலும் பை பையாகத்தான் இருக்கும்.

வேண்டியவை: 12½ இன்ச் கட்டம் இரண்டு. அடிப்பாகத்துக்குப் பழைய ஜீன்ஸ் காலிலிருந்து 12½ × 6½ துண்டு ஒன்று. உள்துணிக்கு 36 இன்ச் அகலப் பாப்ளின் அரை மீட்டர். பிடிக்குக் கெட்டித் துணியில் 4 × 24 இன்ச் பட்டி இரண்டு; கால் மீட்டர் வாங்கினால் இரண்டும் அடங்கும். மெஷினுக்கு 16ஆம் எண் ஊசி போடுங்கள். ஜீன்ஸ் மடிப்பில் 11ஆம் எண் ஊசி உடையும்.

1. ஜீன்ஸ் துண்டின் இரண்டு நீண்ட ஓரத்திலும் கட்டங்களைத் தையுங்கள். கட்டத்தில் பூவோ நட்சத்திரமோ இருந்தால் அதன் கால்பக்கம் ஜீன்ஸை நோக்கி இருக்கட்டும். மாறினால் பையின் ஒரு பக்கம் தலைகீழாகத் தெரியும். மொத்தம் 30½ இன்ச் நீளம் வரும். தையல் விளிம்பை ஜீன்ஸ் பக்கம் மடிக்காமல் கட்டத்தின் பக்கம் மடித்து, மேலே ஒரு தையல் ஓட்டுங்கள்.

2. உள்துணியை 12½ × 30½ அளவில், 36 இன்ச் அகலத்தின் போக்கில் வெட்டுங்கள். ஓரத்தில் சுமார் ஏழு இன்ச் பட்டை மிஞ்சும். அதில் உள்பை ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

3. வெளித்துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்க இரண்டாக மடித்து, இரு பக்கமும் அரை இன்ச் விட்டுத் தையுங்கள். இங்கே கால் இன்ச் போதாது. ஒட்டுத்துணியின் ஓரத்தில் சின்னச் சின்ன துண்டுகள் முடிகின்றன. சுமை ஏறினால் அவை தையலிலிருந்து நழுவும்.

4. உள்துணியையும் அப்படியே மடித்து, ⅝ இன்ச் விட்டுத் தையுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் ஐந்து இன்ச் தைக்காமல் விடுங்கள். உள்துணி வெளித்துணியைவிடக் கொஞ்சம் ஒடுங்கி இருந்தால்தான் உள்ளே தொளதொளவென்று நிற்காது.

5. அடி மூலை இரண்டையும் பக்கத் தையல் நடுவில் வரும்படி முக்கோணமாகப் பிடியுங்கள். கூர்முனையிலிருந்து தையல் வழியாக 1½ இன்ச் அளந்து, அதற்குச் செங்குத்தாக 3 இன்ச் நீளக் கோடு போட்டுத் தையுங்கள். மூலையை அரை இன்ச் விட்டு நறுக்கிவிடலாம். பைக்கு மூன்று இன்ச் அகல அடி கிடைக்கும். உள்துணிக்கும் இதையே செய்யுங்கள்.

6. பிடிப் பட்டியை நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி போட்டு, விரித்து, இரு ஓரத்தையும் நடுக்கோடுவரை மடித்து, மறுபடி பாதியாக்கினால் ஒரு இன்ச் அகலத்தில் நான்கு மடிப்பு வரும். இரு ஓரமும் தையுங்கள்.

7. வெளிப்பையை நல்ல பக்கம் வெளியே வரத் திருப்புங்கள். பிடியின் முனைகளைப் பக்கத் தையலிலிருந்து மூன்று இன்ச் தள்ளி, வளைவு கீழ்நோக்கித் தொங்கும்படி வாயில் குத்துங்கள். உள்துணியைத் திருப்பாமலே வைத்து, அதற்குள் வெளிப்பையை நுழையுங்கள். இரண்டின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும். பிடி நடுவில் இருக்கும். வாயைச் சுற்றி அரை இன்ச்சில் தைத்து, உள்துணியில் விட்ட இடைவெளி வழியாக முழுதையும் வெளியே இழுங்கள்.

8. இடைவெளியை மூடி, வாயைச் சுற்றி மேல்தையல் ஓட்டி, ஒவ்வொரு பிடியின் அடியிலும் ஒரு இன்ச் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் தையுங்கள். இரண்டு கிலோ வெங்காயம் தூக்கியதும் பிடி கழன்றுவரும் பைகள் எல்லாம் இந்தச் சதுரம் இல்லாதவை.

அடுப்படிப் பிடிதுணி

8½ இன்ச் கட்டம் ஒன்று, அதே அளவில் பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு, பின்பக்கத்துக்குக் காட்டன் ஒன்று, ஓரம் கட்ட 2½ × 38 இன்ச் பட்டி. எல்லாமே காட்டனாக இருக்க வேண்டும், நூலும் அப்படியே. போர்வைக்கு வைக்கும் பாலியெஸ்டர் பஞ்சை இங்கே வைத்தால் நன்றாகக் காய்ந்த கடாயின் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளலாம். ஜரிகை உள்ள கட்டமும் ஆகாது. உலோகச் சரிகையானால் சூட்டைக் கடத்தும், பிளாஸ்டிக் சரிகையானால் உருகும்.

நான்கையும் அடுக்கி, இரண்டு மூலைவிட்டத்திலும் முதலில் தைத்து நிறுத்துங்கள். பிறகு இரண்டு இன்ச் இடைவெளியில் இணைகோடுகள். மிக நெருக்கமாகத் தைத்தால் துண்டின் சுருள் இழைகள் நசுங்கி, சூடு சீக்கிரம் கைக்கு வரும்.

ஓரப்பட்டியை நீளவாக்கில் பாதியாக மடித்து, திறந்த ஓரம் கட்டத்தின் ஓரத்தோடு சேர முன்பக்கம் வைத்துத் தையுங்கள். நான்கு பக்கமும் நேர்கோடுதான், ஆகவே கிராஸ் பீஸ் (துணியின் குறுக்குச் சாய்வில் வெட்டும் பட்டி) வெட்ட வேண்டியதில்லை. மூலையை வட்டமாக வெட்டுவதாக இருந்தால் மட்டும் கிராஸ் பீஸ் வேண்டும். மூலை வருவதற்குக் கால் இன்ச் முன்பே தையலை நிறுத்தி, நூலை வெட்டுங்கள். பட்டியை நேர் மேலே மடித்தால் சாய்வாக ஒரு மடிப்பு விழும். பின் அதைக் கீழே இறக்கி, மேல் மடிப்பு ஓரத்தோடு சமமாக நிற்கும்படி வைத்து, அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். கடைசியில் பட்டியைப் பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்தால் மூலை நறுக்கென்று நிற்கும். நனைந்த பிடிதுணியால் சூடான பாத்திரத்தைத் தொட வேண்டாம். ஈரம் சூட்டை உடனே கைக்குக் கடத்தும். ஆகவே ஒரே மாதிரி இரண்டாகத் தைத்து, ஒன்று காயும்போது இன்னொன்றை எடுங்கள்.

திண்டு உறை

16 இன்ச் சதுரத் திண்டுக்கு 12½ கட்டம் ஒன்று போதும். 2½ இன்ச் பட்டியால் சட்டம் கட்டினால் 16½ ஆகும். பின்பக்கத்துக்கு 16½ × 11½ துண்டு இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு நீண்ட ஓரத்தை அரை அரை இன்ச்சாக இருமுறை மடித்துத் தையுங்கள். இரண்டையும் கட்டத்தின்மேல் வைத்தால் நடுவில் 4½ இன்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஜிப், பொத்தான் எதுவும் வேண்டாம்.

உள்ளே போடிப் பக்கத்து இலவம் பஞ்சு வைப்பதானால், நெருக்கமாக நெய்த துணியில் தனியாக உள்ளுறை தைத்து அடையுங்கள். இலவம் பஞ்சின் இழை வழுக்கும். கட்டத்தின் தையல் இடுக்கு வழியாக வெளியே பறக்கும்.

நிலைவாசல் தோரணமும் கொலுத் தொம்பையும்

கோயில் தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் துணித் தொம்பை, தோரணம் எல்லாம் ஒட்டுத்துணி வேலைதான். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று நிறத்தை அடுத்தடுத்து நிறுத்துவதில் அந்தக் கைவேலைக்கு இருக்கும் துணிச்சலை மிஞ்சிய கட்டங்களில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றோடொன்று ஒட்டாத நிறங்கள் போர்வையில் உறுத்தும். தலைக்கு மேலே தொங்கும்போது அவைதான் எடுப்பாக இருக்கும்.

தோரணத்துக்கு 6½ இன்ச் கட்டம் இரண்டு எடுத்து, முதலில் கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி போடுங்கள். இதை விட்டுவிட்டு மூலைக்கு மூலை வெட்டினால் அந்த வெட்டு துணியின் குறுக்குப் போக்கில் போவதால் ரப்பர் மாதிரி நீளும். வெட்டினால் நான்கு முக்கோணம். ஒவ்வொன்றின் நல்ல பக்கத்தின்மேல் உள்துணியை வைத்து, இரண்டு குட்டைப் பக்கங்களை மட்டும் தையுங்கள். கூர்முனையில் ஒரே புள்ளியில் திரும்பாமல் ஒரு தையல் குறுக்கே போட்டுத் திரும்பினால் முனை நன்றாக வெளிவரும். முனையிலுள்ள மிகைத் துணியை நறுக்கி, திருப்பி, இஸ்திரி போடுங்கள். ஒவ்வொன்றின் மேல்விளிம்பும் சுமார் 8½ இன்ச் இருக்கும். நான்கு சேர்ந்தால் 34 இன்ச், மூன்றடி நிலைக்குச் சரி. 2½ இன்ச் அகலம், 60 இன்ச் நீளப் பட்டியை நான்காக மடித்து, நடுவில் முக்கோணங்களின் மேல்விளிம்பைச் செருகித் தையுங்கள். இரு முனையிலும் மிஞ்சுவது ஆணியில் கட்ட ஆகும்.

தொம்பைக்கு 8½ இன்ச் கட்டம் எட்டு வேண்டும். நான்கு நான்காக இரண்டு வரிசை தைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்தால் 32½ × 16½ வரும். அதே அளவில் உள்துணி வெட்டிப் பின்னால் வைத்து ஓரத்தைத் தொட்டுத் தையுங்கள். மேலும் கீழும் 3 × 32½ இன்ச் பட்டி இணையுங்கள். இவை கம்பி போகும் குழாய்கள். கீழ்ப்பட்டியை இணைக்கும்போது, மேலே சொன்ன முக்கோணங்களைக் கட்டத்துக்கும் பட்டிக்கும் நடுவில் வைத்துத் தைத்தால் தொங்கல் கிடைக்கும். 6½ கட்டத்தில் வெட்டியவையானால் நான்கை அடுத்தடுத்து வைக்கும்போது 32½க்குப் பொருந்தாமல் 34 இன்ச் வரும். ஓரம் ஓரமாக அரை இன்ச் ஏற்றி வைத்துச் சரிசெய்யுங்கள்.

பிறகு இரு பக்க ஓரத்தையும் சேர்த்து உருளையாக்குங்கள். சுற்றளவு 32 இன்ச், குறுக்களவு பத்து இன்ச்சுக்குச் சற்று மேல். பட்டிகளை உள்பக்கம் மடித்துக் குழாயாகத் தைக்கும்போது கம்பி நுழைய ஒரு இன்ச் விடுங்கள். கம்பி வளையத்தின் சுற்றளவு 31½ இன்ச் இருக்கட்டும். சரியாக 32 வைத்தால் துணியின் தடிப்பில் ஏறாது. 31க்குக் கீழே போனால் சுருக்கம் விழும். பூவேலைக்குப் பயன்படுத்தும் பத்து இன்ச் மூங்கில் வளையத்தின் உள்வளையமும் ஆகும். மேல் வளையத்தில் சம இடைவெளியில் நான்கு கயிறு கட்டி ஒரு முடிச்சில் சேருங்கள். மூன்று கயிறு போட்டால் நான்கு கட்டத் தையலோடு பொருந்தாது. நவராத்திரிக் கொலுவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று தொங்கவிட்டால், சாயம் நிற்காத கட்டங்களுக்கும் சாட்டின் கட்டங்களுக்கும் நல்ல இடம் கிடைத்துவிடும். விளக்குக்கும் சாம்பிராணிக்கும் எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

குழந்தைக்கு விரிப்பு

12½ கட்டம் ஒன்பது இருந்தால் 40 இன்ச் சதுர விரிப்பு வரும். ஒன்றோடொன்று சேராத ஒன்பது கட்டங்களைச் சேர்த்து வைப்பது இடைப்பட்டிதான். எல்லா இடைப்பட்டியும் ஒரே நிறத்தில், புள்ளி, கோடு எதுவும் இல்லாத துணியில் இருக்கட்டும். மாம்பழ மஞ்சளோ சாம்பலோ எந்தக் கூட்டத்தையும் அடக்கும். வெள்ளை வைத்தால் ஒவ்வொரு கட்டமும் தனித்தனித் தீவாகத் தெரியும்.

36 இன்ச் அகலத் துணி அரை மீட்டரில் 2½ இன்ச் பட்டிகள் ஆறு வெட்டுங்கள். மூன்றிலிருந்து 12½ நீளத் துண்டுகள் ஆறு. மற்ற மூன்றையும் முனையோடு முனை சேர்த்து 40½ நீளப் பட்டி இரண்டு. மூன்று கட்டத்துக்கு நடுவே இரண்டு குட்டைப் பட்டி வைத்து வரிசைகளை முடித்து, வரிசைகளுக்கு நடுவே நீளப் பட்டியை வையுங்கள். நீளப் பட்டியைத் தைக்கும் முன், மேல் வரிசையின் குட்டைப் பட்டி எங்கே வருகிறதோ அதற்கு நேராகப் பட்டியின் மறு ஓரத்தில் பென்சில் குறி போடுங்கள். குறி இல்லாமல் தைத்தால் கீழ் வரிசை கால் இன்ச் நகர்ந்து நிற்கும். விரித்துப் போட்டதும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

நடு அடுக்குக்கும் அடித்துணிக்கும் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். பலமுறை துவைத்த வேட்டி இனிச் சுருங்காது, குழந்தையின் தோலை உறுத்தாது, ஒரு வெயிலில் காயும். பஞ்சு அடுக்கு மதுரை வெயிலில் முதுகில் வேர்க்குரு வரவழைக்கும். ஈரம் பட்டால் உள்ளே காயவும் காயாது. கட்டங்களில் துவைக்காத புதுத்துணி இருந்தால் மட்டும் கவனம்: 12 இன்ச்சுக்கு அரை இன்ச் வரை அது சுருங்கலாம், வேட்டி சுருங்காது, விரிப்பு குமிழி குமிழியாக நிற்கும். முன்பே நனைத்து எடுத்துவிடுங்கள்.

அடித்துணியைத் தரையில் இழுத்து விரித்து, ஓரங்களைப் பிளாஸ்திரியால் ஒட்டுங்கள். மேலே நடு அடுக்கு, அதற்கு மேல் கட்டங்கள். கீழுள்ள இரண்டும் நான்கு பக்கமும் இரண்டு இன்ச் கூடுதலாக இருக்கட்டும். நடுவிலிருந்து வெளியே போகும்படி ஒரு சாணுக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். தைப்பதும் நடுவிலிருந்துதான். ஓரத்திலிருந்து தொடங்கினால் தளர்ந்த துணி எல்லாம் நடுவுக்குத் தள்ளப்பட்டு, அங்கே மடிப்பாக மாட்டிக்கொள்ளும். கையால் தைப்பவர்கள் தையல் கோட்டிலிருந்து கால் இன்ச் தள்ளி ஓட்டுத்தையல் போடலாம். மெஷினில் தைப்பவர்கள் தையல் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்கு உயர்த்தி, பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். குழந்தை தவழும் விரிப்பில் மணி, பொத்தான், ஜரிகை எதுவும் வேண்டாம். தைத்து முடித்ததும் ஊக்குகளை எண்ணிப் பாருங்கள்; குத்திய எண்ணிக்கையே திரும்ப வர வேண்டும்.

ஓரம் கட்ட 2½ இன்ச் பட்டி 170 இன்ச் தேவை. 36 இன்ச் துணியில் ஆறு பட்டி, இன்னொரு அரை மீட்டர். பட்டிகளைச் சாய்வாக இணைத்தால் தடிப்பு ஒரே இடத்தில் குவியாது. மூலை மடிப்பு பிடிதுணிக்குச் சொன்னதேதான்.

இன்னும் சில

4½ இன்ச் கட்டங்கள் நிறைய இருந்தால் குழந்தையின் பாவாடைக்கு அடிக்கரை வைக்கலாம். 60 இன்ச் சுற்றுக்குப் பதினைந்து கட்டம். கொசுவம் மேல்துணியில் மட்டும் இருக்கட்டும். கட்ட வரிசையைச் சுருக்கினால் தையல்கள் குவிந்து விறைத்து நிற்கும். ரவிக்கையின் முதுகில் 6½ கட்டம் ஒன்று அழகாக இருக்கும். உள்ளே லைனிங் கட்டாயம். தையல் விளிம்புகள் வியர்வையில் உரசும். கைப்பகுதியில் வைக்க வேண்டாம், இழுபடும் இடத்தில் சின்னத் துண்டுகளின் தையல் பிரிந்துவரும். தனியாக நிற்கும் ஒற்றைக் கட்டத்துக்கு விரிப்பின் பின்பக்கம் நல்ல இடம்: அடித்துணி அகலம் போதாதபோது நடுவில் ஒரு பட்டையாகச் சேர்த்துவிடலாம்.

எடுத்து வைப்பது

உடனே தைக்காத கட்டங்களை மடிக்காதீர்கள். நாள்பட்ட மடிப்பில் காட்டன் இழை நொறுங்கும், ஜரிகை உடையும். அளவுவாரியாக அடுக்கி, பழைய வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம்; ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே ஈரம் தங்கிக் கரும்புள்ளி விழும். கஞ்சி போட்ட கட்டத்தை அலசிக் காயவைத்தே வையுங்கள், கஞ்சி பூச்சியை இழுக்கும். நிழலில் காய்ந்த வேப்பிலையைத் துணிப்பொட்டலமாகக் கட்டி நடுவில் வைக்கலாம். நாப்தலின் உருண்டை வைத்தால் அது ஜரிகைமேல் நேராகப் படக் கூடாது. ஒவ்வொரு கட்டுக்கும் மேலே ஒரு அட்டை: வெட்டு அளவு, எத்தனை, சாயச் சோதனை செய்ததா இல்லையா. குண்டூசிக்குப் பதில் நூலால் கட்டுங்கள்; ஊசி துருப்பிடித்த கறை காட்டனிலிருந்து எளிதில் போகாது.